ஏற்றுமதிப் பாடம்: திருப்பூர் கதையா, கம்பெனி விசிட்டா, கடலைமிட்டாய்க் கணக்கா?

பி.காம் மூன்றாம் வருடத்துக்கு ஏற்றுமதிப் பாடம் எடுப்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். எல்சி (தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக, வாங்குபவரின் பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம்) என்றால் என்ன என்று கேட்டால் பையன் இரண்டு பக்கம் எழுதுவான். அவன் அப்பா முறுக்குப் போட்டுக் கடைகளுக்குச் சப்ளை செய்பவர். "உங்க முறுக்கை சிங்கப்பூர்ல ஒருத்தர் கேக்குறார், கிலோ என்ன விலைன்னு பதில் போடுவ?" என்று கேட்டால் சிரிப்பான். இங்கே விற்கிற விலையையே சொல்வான், இல்லாவிட்டால் அதை இரண்டால் பெருக்கிச் சொல்வான்.

கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் 9 வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். உள்ளூரில் இருக்கும் சின்னத் தொழில் எப்படி வெளிநாட்டுச் சந்தைக்குப் போகிறது என்பதைச் சொல்லித்தர ஏறக்குறைய எல்லா வழியையும் முயன்று பார்த்தாயிற்று. கையில் இருப்பது ஒரு செமஸ்டர், 15 வாரம், 60 பேர், துறை தரும் ஒரு பஸ் வாடகை. இதற்குள் எதை எடுப்பது, எதை விடுவது? ஜூனில் பாடத்திட்டம் போட உட்காரும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

திருப்பூரை எங்கே நிறுத்துவது

செலவில்லாத வழி கேஸ் ஸ்டடி. தமிழ்நாட்டில் அதற்குத் திருப்பூரை விட்டால் வேறு ஊர் தேட வேண்டியதில்லை. உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர் அது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர், மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக, வெள்ளை டி-ஷர்ட் தேடி அங்கே வந்தார். 1981-இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஜவுளி வாங்கலாம் என்று அளவு கட்டிய கோட்டா முறை 2005 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பாடத்துக்குத் தேவையான ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒரே ஊரில் கிடைக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் முதல் வரிதான். ஜோகன்சன், வால்னே என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் 1977-இல் எழுதிய உப்சாலா மாதிரியைப் பாடப்புத்தகத்தில் சொல்லித்தருகிறோம். கம்பெனி முதலில் பழக்கமான பக்கத்து நாட்டுக்குப் போகும், ஏஜென்ட் வைக்கும், பிறகு தன் சொந்த விற்பனைக் கிளை, கடைசியில் அங்கேயே ஃபேக்டரி என்று படிப்படியாக நகரும் என்பது அதன் சாரம். திருப்பூர் அப்படி எங்கும் நடந்து போகவில்லை. இத்தாலிதான் திருப்பூருக்கு வந்தது, அதுவும் மும்பைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு. சின்னத் தொழில் பெரும்பாலும் தானாக வெளிநாடு போவதில்லை, யாராவது கூட்டிக்கொண்டு போகிறார்கள். மாணவர்களிடம் இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்குப் பிடித்துக் கொடுப்பவர்), மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் (மற்றவர் சரக்கை வாங்கித் தன் பெயரில் ஏற்றுமதி செய்பவர்) எல்லாம் மனப்பாடம் பண்ணுகிற சொற்களாகத் தெரியாது.

சிக்கல் எங்கே என்றால், கதை முடிந்துவிட்டது. ஜெயித்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். "திருப்பூர் வெற்றிக்குக் காரணம் என்ன?" என்று கேட்டால் 60 தாளிலும் தரம், உழைப்பு, விடாமுயற்சி. இதை எழுத ஒரு செமஸ்டர் தேவையில்லை, எந்தக் காலண்டரின் பின்பக்கத்திலும் இருக்கும்.

அதனால் கதையைப் பாதியில் நிறுத்துகிறேன். 2025 ஆகஸ்ட் 27. அன்று பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதமானது. 2026-இல் அது குறைந்துவிட்டது, ஆனால் வகுப்பில் கதை அந்தத் தேதியிலேயே நிற்கும். ஒரு காட்டன் டி-ஷர்ட்டின் எஃப்ஓபி விலை (இங்கே கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை) 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அங்கே வழக்கமான வரியே 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். அதன்மேல் இந்த 50 சேர்ந்தால் வரி மட்டும் 2 டாலர் 66 சென்ட். பையர் மெயில் போடுகிறார்: பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கே துணி கட்டிங் டேபிளில் கிடக்கிறது. பதில் மெயில் எழுது என்று சொல்லிவிட்டு நான் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பில் நடக்கும் சண்டைக்காகவே திருப்பூரை வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் போதும், அதற்குமேல் இழுத்தால் சரித்திர வகுப்பாகிவிடும்.

ஐ.வி.

இண்டஸ்ட்ரியல் விசிட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை நாலு மணிக்கு பஸ், வழியில் இட்லி வடை, பதினோரு மணிக்கு கம்பெனி. "இது கட்டிங், இது ஸ்டிச்சிங், இது செக்கிங், இது பேக்கிங்." வாசலில் குரூப் போட்டோ. பையன்கள் பார்த்தது உற்பத்தி. ஏற்றுமதியை அங்கே பார்க்க முடியாது, ஏனென்றால் அது மிஷின் ஓடுகிற கூடத்தில் நடப்பதில்லை. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் உட்காரும் அறையிலும், துறைமுக ஊரில் கஸ்டம்ஸ் புரோக்கரின் மேஜையிலும்தான் நடக்கிறது.

பஸ் வாடகை கையில் இருந்தால் தூத்துக்குடிக்குப் போங்கள். புரோக்கர் ஆபீஸ் சின்னதாக இருக்கும், ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் நிற்க இடமிருக்காது. மற்றவர்களை பீச்சுக்கு அனுப்பிவிடலாம், வருத்தப்படமாட்டார்கள். ஆபீஸில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: போய்ச் சேர்ந்து முடிந்த ஒரு ஷிப்மென்ட்டின் ஃபைல், பெயரையும் விலையையும் மறைத்து. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங், சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று சொல்லும் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின். ஐந்து தாளிலும் அட்டைப்பெட்டி எண்ணிக்கையும் எடையும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்சியில் பணம் வாங்கும்போது பேங்க் பார்ப்பது சரக்கையல்ல, தாளை. புத்தகத்தில் அந்த வரியைப் பத்துத் தடவை அடிக்கோடிட்டவன்கூட, ஐந்து தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் "ஓ" என்கிறான்.

கம்ப்யூட்டர் விளையாட்டும் வெளிநாட்டுக் கூட்டாளிகளும்

சிமுலேஷன் விளையாட்டுகளை ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன். விலையை ஏற்று, விளம்பரத்தைக் கூட்டு, புது நாட்டைத் திற. பையன்கள் ரொம்பக் குஷியாக விளையாடினார்கள். மூன்றாம் வாரம் யாரோ ஜெயிக்கிற ஃபார்முலாவைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அதோடு சரி.

எக்ஸ்-கல்ச்சர் வேறு ரகம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்துப் பேராசிரியர் ஒருவர் 2010-இல் தொடங்கியது. வெவ்வேறு நாட்டு மாணவர்களை ஒரே குழுவில் போட்டு, ஒரு நிஜக் கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்து, சில வாரத்தில் அறிக்கை எழுதச் சொல்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மீட்டிங், வேலை செய்யாமல் காணாமல் போகும் கூட்டாளி, "யெஸ்" என்று சொல்லிவிட்டு "நோ" என்று நடந்துகொள்கிறவர்கள் எல்லாம் அதில் உண்டு. வெளிநாட்டு வியாபாரத்தில் பாதி இதுதான், இதை எந்தப் பாடமும் சொல்லித்தராது. ஆனால் இங்கிலீஷில் தயங்காமல் எழுதுகிற, வீட்டில் லேப்டாப் இருக்கிற எட்டுப் பத்துப் பேருக்குத்தான் அது. 60 பேருக்கும் என்று போட்டால் 50 பேர் அதே பத்துப் பேரின் முதுகில் ஏறி உட்காருவார்கள். விருப்பமுள்ளவர்களுக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கடலைமிட்டாய்

எனக்கு அதிகம் பிடித்ததும், என்னை அதிகம் அவமானப்படுத்தியதும் அடுத்த வழிதான். பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தொழிலை எடுத்துக்கொண்டு, அதை வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன ஆகும் என்று மாணவர்களையே கணக்குப் போட வைப்பது.

எங்கள் பக்கத்தில் கடலைமிட்டாய்க்குக் குறைவில்லை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசலில் விளைந்த கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வெல்லப் பாகை முறுகிய பதத்துக்குக் காய்ச்சிக் கலந்து, பலகையில் கொட்டிச் சமமாகத் தேய்த்து, சூடு ஆறுமுன் கீறிவிட வேண்டும். அண்ணாச்சி ஒருவர் சம்மதித்தார். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் கம்பெனி. "வெளிநாட்டுக்கெல்லாம் நமக்கு எதுக்கு சார்" என்று சொல்லிக்கொண்டேதான் எங்களை உள்ளே விட்டார்.

முதல் வாரம் தாள் வேலை. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டுக்கு 500 ரூபாய், ஆன்லைனில் விண்ணப்பம், பான் எண்ணேதான் அந்த எண்ணும். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம். பேங்க்கிலிருந்து ஏடி கோடு, அதாவது அன்னியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற அந்த பேங்க்கின் எண். இதெல்லாம் மலை மாதிரி இருக்கும் என்று வந்தவர்கள் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு "இவ்வளவுதானா சார்?" என்றார்கள். இவ்வளவுதான். கஷ்டம் இதற்கப்புறம் வருகிறது.

எந்த நாடு? எல்லோரும் ஜெர்மனி, பிரான்ஸ் என்று தொடங்கினார்கள். போய் விதியைப் படித்துவிட்டு வரச் சொன்னேன். நிலக்கடலையில் பூஞ்சணத்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு பி1 வகை கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 4. அமெரிக்காவில் 20. ஐரோப்பாவில் லேபிளில் கடலை என்ற சொல்லை மட்டும் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும், அது அலர்ஜி தரும் பொருள் என்பதால். அமெரிக்கா என்றால் தயாரிக்கும் இடத்தையே அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ துபாய்க்கே போவோம் சார், எங்க மாமா அங்கதான் இருக்கார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் உப்சாலாக்காரர்கள் 'மனத் தூரம்' என்று சொன்னது வேறென்ன? கோவில்பட்டிக்கு ஜெர்மனி தூரம், துபாய் மாமா வீடு. 'சந்தைத் தேர்வு' என்ற அத்தியாயத்தை அன்றைக்கே முடித்துக்கொண்டேன்.

அடுத்தது விலை. இதைத்தான் பலகையில் மூன்று வாரம் போட்டோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. 200 கிராம் பாக்கெட், கம்பெனி வாசலில் 50 ரூபாய். ஒரு பெட்டியில் 60 பாக்கெட், 12 கிலோ. புரோக்கர் கூலி, தாள் செலவு, பேங்க் கமிஷன், தூத்துக்குடிக்கு வண்டி என்று ஒரு ஷிப்மென்ட்டுக்கு மொத்தமாக 20,000 ரூபாய் என்று வைத்தோம். 40 பெட்டி அனுப்பினால் பாக்கெட்டுக்கு இந்தச் செலவு 8 ரூபாய் 33 காசு. 400 பெட்டி அனுப்பினால்? வண்டி வாடகை கொஞ்சம் ஏறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் அப்படியேதான். அதனால் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். பலகையில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மாணவி, மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் நடுவில் உட்கார்ந்து கொள்ளையடிக்கிறார் என்று பேசியிருந்தாள். இப்போது அவளே எழுந்து, "சார், பத்துக் கம்பெனிச் சரக்கைச் சேர்த்து ஒரே ஆள் அனுப்பினா இந்த எட்டு ரூபா குறையும்ல?" என்றாள். குறையும். ஏற்றுமதிக்காக மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டருக்குக் கொடுக்கும் சரக்குக்கு ஜிஎஸ்டியும் சில நிபந்தனைகளோடு 0.1 சதவீதம்தான்.

முறுக்கு வீட்டுப் பையன் தன் சரக்கையும் போட்டுப் பார்த்தான். விமான கூரியரில் 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள பெட்டி. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருக்கும் முறுக்கு 4 கிலோதான் வந்தது. கூரியர்க்காரர் எது அதிகமோ அதற்குத்தான் காசு கேட்பார். "காத்துக்குக் காசு குடுக்கணுமா?" என்று அவன் அப்பா கேட்டாராம். அடுத்த வாரம் அவர்கள் கம்பெனியில் முறுக்கின் விட்டத்தைக் குறைத்து, அடுக்கி வைக்கிற மாதிரி பாக்கெட் மாற்றிப் பார்த்தார்கள். என் ஒன்பது வருடத்தில் ஒரு மாணவன் வீட்டில் உண்மையிலேயே ஏதோ மாறியது அப்போதுதான்.

அனுப்புவதா, கணக்கோடு நிறுத்துவதா

இங்கேதான் கை அரிக்கும். இவ்வளவு தூரம் வந்தாச்சு, நிஜமாகவே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

மூன்று வருடம் முன்னால் துபாயில் ஒரு கடைக்காரர் விலை கேட்டு அண்ணாச்சிக்கு எழுதியிருந்தார். பதில் எழுதும் வேலையை ஒரு குழுவிடம் கொடுத்தேன், கம்பெனி மெயில் பாஸ்வேர்டோடு. அவர்கள் இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்து, பெயரை மாற்றி, விலையைப் போட்டார்கள். போட்டது கம்பெனி வாசல் விலை. மாதிரிக் கடிதத்தில் இருந்த 'சிஐஎஃப் ஜெபல் அலி' என்ற மூன்று சொற்களை அழிக்கவில்லை. அதாவது துபாயின் ஜெபல் அலி துறைமுகம் வரைக்கும் கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் நம் தலையில். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் "ஓகே, 40 பெட்டி" என்று பதில் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் யாரும் ஓகே சொல்வதில்லை.

மாற்றி எழுதலாம் என்று சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை. "சொன்ன விலை சொன்னதுதான் சார். முதல் சரக்கு. பிள்ளைங்க கத்துக்கிட்டாங்கல்ல, விடுங்க." நஷ்டத்துக்கு அனுப்பினார். தப்பு என்னுடையது, பார்க்காமல் விட்டது நான்தான். அடுத்த வருடம் போய்க் கேட்டபோது டீ வாங்கிக்கொடுத்து, "இந்த வருஷம் கொஞ்சம் வேலை ஜாஸ்தி சார்" என்றார்.

அதனால் என் கட்சி இது: மாணவர்கள் கணக்குப் போடட்டும், லேபிள் வரையட்டும், மெயிலும் எழுதட்டும். அனுப்புகிற பட்டன் மட்டும் அவர்கள் கையில் வேண்டாம். படிக்கிற பையன் தப்புச் செய்யத்தான் வேண்டும். அதற்கு இன்னொருவர் வியாபாரம் விலையாகக் கூடாது.

தபால் நிலையங்களில் உள்ள டாக் கர் நிர்யாத் கேந்திரா (தபால் ஏற்றுமதி மையம்) வழியாகவோ, ஆன்லைன் சந்தைகள் வழியாகவோ சின்னப் பார்சல் அனுப்பிப் பழகலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். செலவு குறைவுதான், கெடுதலும் இல்லை. ஆனால் அது சில்லறை விற்பனை. பையரோடு பேரம், கிரெடிட், எல்சி எதுவும் அதில் வராது. ஒரு நாட்டின் ஒரே உத்தரவில் கணக்கும் தலைகீழாகும்: அமெரிக்காவில் 800 டாலர் வரைக்குமான பார்சலுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. அதை ஒரு வகுப்பில் பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

யாருக்கு எது

உங்கள் வகுப்பைப் பாருங்கள். சிவகாசி, கரூர், ஆம்பூர் மாதிரி ஊர் என்றால் பாதிப் பேர் வீட்டிலேயே ஒரு தொழில் இருக்கும். வெளிக் கம்பெனி தேடாதீர்கள், அவரவர் வீட்டுச் சரக்குக்கே விலை போடச் சொல்லுங்கள். தப்பு வந்தால் அப்பாவிடம் திட்டு வாங்குவதோடு போகும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் உள்ள எங்களைப் போன்ற கல்லூரிக்கு ஒரு அண்ணாச்சி தேவை. எம்பிஏ நடத்தும், பணமுள்ள கல்லூரிகள் அனுபவமுள்ள ஒரு மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டரைக் கூட வைத்துக்கொண்டு நிஜமாகவே அனுப்பலாம். நஷ்டம் வந்தால் கல்லூரி ஏற்கும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பல்கலைக்கழகத் தேர்வின் 75 மார்க்குக்கு கேஸ் ஸ்டடியும் நோட்ஸும் போதும். கணக்குப் போட்டுக் கற்ற பிள்ளைகள் 'ஏற்றுமதியின் நன்மைகளை விவரி' என்ற கேள்விக்கு அரைப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வருடம் என் வகுப்புச் சராசரி குறைந்தே போனது, துறைத் தலைவரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது கடைசி இரண்டு வாரத்தைப் பழைய கேள்வித்தாளுக்கு ஒதுக்கிவிடுகிறேன். மூன்று வாரம் திருப்பூர், இரண்டு வாரம் தூத்துக்குடி ஃபைல், எட்டு வாரம் விலைக் கணக்கு, கடைசி இரண்டு பரீட்சை. இன்டர்னல் 25-இல் 10 மார்க்கைக் கம்பெனிக்காரரே போடுவார், கணக்கை அவர் முன்னால் விளக்க வேண்டும்.

இந்த ஜூனில் அண்ணாச்சி திரும்பவும் சம்மதித்திருக்கிறார். துபாய்க் கடைக்காரர் நஷ்ட விலைக்கு வாங்கிய அந்த 40 பெட்டிக்கு அப்புறம் மூன்று தடவை சரியான விலைக்கே வாங்கிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய மெயிலின் பிரின்ட்டை எடுத்துக் கொடுத்தார். 'சிஐஎஃப்' என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. "முதல் வகுப்புல இதைக் காட்டுங்க சார். பாஸ்வேர்டு மட்டும் கேக்காதீங்க."